செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளைச் சுத்தம் செய்ய என்னென்ன கருவி வாங்க வேண்டும்?

கேள்வி கேட்ட தம்பி டெக்சாஸில் இருக்கிறார். புதிதாக ரூகர் 10/22 என்ற .22 அளவு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் ஒன்று வாங்கியிருக்கிறார். கடையில் அறுபது சாமான் அடங்கிய பெட்டியைக் காட்டுகிறார்கள், வாங்கலாமா, எதை எப்படிப் பயன்படுத்துவது, வீட்டில் இருக்கிற தேங்காய் எண்ணெய் ஆகுமா, ரிசீவரின், அதாவது குழலுக்குப் பின்னால் உள்ள உலோக உடலின், பின்பக்கம் துளை போடச் சொல்கிறார்களே போடலாமா என்று நான்கு சந்தேகம் அவருக்கு.

நான் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். 1984-இல் நீலகிரி வெலிங்டனில் ரெக்ரூட்டாகச் சேர்ந்தபோது என் கையில் கொடுத்தது 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். செல்ஃப் லோடிங் ரைஃபிள் என்ற பெயரிலேயே விஷயம் இருக்கிறது: ட்ரிகரை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு போகும், அடுத்த தோட்டாவைத் துப்பாக்கியே ஏற்றிக்கொள்ளும். இப்போது ஹூஸ்டன் பக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். மாப்பிள்ளையிடமும் உங்களுடைய அதே 10/22. அவர் ஏற்கெனவே அந்த அறுபது சாமான் பெட்டியை வாங்கிவிட்டார். அதனால் இரண்டு பக்கமும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எஸ்.எல்.ஆருக்கு எங்களுக்குக் கிடைத்தது ஒரு புல்-த்ரூ, ஒரு எண்ணெய்ப் புட்டி, ஒரு பிரஷ், வாயு போகும் பகுதிக்கு ஒரு சின்னக் கருவி, கொஞ்சம் ஃபிளானல் துணி. அவ்வளவுதான். புல்-த்ரூ என்பது ஒரு முனையில் பித்தளைக் குண்டு கட்டிய கயிறு. கயிற்றில் கண்ணிகள் இருக்கும், அதில் துணியை மாட்டி, குண்டைச் சேம்பர் (தோட்டா உட்காரும் குழலின் பின்முனை) பக்கமாக உள்ளே விட்டு, குழல் வாய் வழியாக வெளியே இழுக்க வேண்டும். துணிக்கு எங்கள் மொழியில் சிந்தி என்று பெயர். இந்தியில் அதற்குக் கந்தல் என்று பொருள். கந்தல் என்றாலும் அதற்கு அளவு உண்டு: உலர்வாகத் துடைக்க 4 அங்குலத்துக்கு 2, எண்ணெய் போட 4-க்கு ஒன்றரை.

அந்த அரை அங்குலத்தில் என்ன இருக்கிறது என்று நினைத்து நான் ஒருநாள் பெரிய துண்டாகக் கிழித்து மாட்டினேன். சீக்கிரம் முடியுமே என்ற எண்ணம். பாதிக் குழலில் சிந்தி இறுகிவிட்டது. இழுத்தேன், வரவில்லை. பக்கத்தில் இருந்தவனும் சேர்ந்து இழுத்தான். கயிறு நறநற என்றது, சிந்தி அசையவில்லை. கயிறு அறுந்துபோவதற்குள் எங்கள் பயிற்சி ஆசிரியர் உஸ்தாத் வந்துவிட்டார். திட்டக்கூட இல்லை. ரைஃபிளை வாங்கி ஆர்மரரிடம் (ஆயுதம் பழுதுபார்ப்பவர்) அனுப்பிவிட்டு, என் முதுகில் பிட்டு என்ற சிப்பாய்ப் பையை மாட்டி மைதானத்தைச் சுற்ற விட்டார். மூச்சிரைக்க வந்து நின்றபோது கையில் சரியான அளவில் கிழித்த ஒரு சிந்தியைக் கொடுத்தார். நாற்பது வருடம் ஆகிறது, இன்றும் பனியன் துணியைக் கிழித்தால் கை தானாக அந்த அளவுக்குத்தான் கிழிக்கிறது.

சரி, உங்கள் ரைஃபிளுக்கு வருவோம். கருவி வாங்கும் முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். அழுக்கு எங்கே சேர்கிறது? அந்த இடத்துக்கு எந்தப் பக்கத்திலிருந்து போகலாம்? இந்த இரண்டும் தெரிந்தால் பெட்டியில் முக்கால்வாசி தேவைப்படாது.

எஸ்.எல்.ஆரில் சுட்ட வாயுவில் கொஞ்சம் மேலே உள்ள சிலிண்டருக்குப் போய் பிஸ்டனைத் தள்ளும். கரி அங்கேதான் கெட்டியாகப் பிடிக்கும். கரி ஏறினால் தோட்டாக்கூடு சோம்பலாகப் பக்கத்தில் விழும், அப்புறம் விழாமலே சிக்கும். உங்கள் 10/22-இல் பிஸ்டனும் இல்லை, வாயுக்குழாயும் இல்லை. தோட்டா வெடிக்கிற வேகத்தில் கூடே பின்னால் வந்து போல்ட்டை, அதாவது சேம்பரை அடைத்து முன்னும் பின்னும் நகரும் இரும்புக்கட்டையை, தள்ளுகிறது. கூடு சேம்பரை விட்டு வரும்போது எரிந்த மருந்தும் கூடவே பின்பக்கம் ஊதப்படும். .22 தோட்டாவின் குண்டு ஈயம், மேலே மெழுகு. ஆக கரி, ஈயத்தூள், மெழுகு மூன்றும் கலந்து, தோசைக்கல் ஓரத்துப் பிசுக்கு மாதிரி, போல்ட்டின் முகத்திலும், கூட்டைக் கொக்கி போட்டு இழுக்கிற எக்ஸ்ட்ராக்டரின் அடியிலும், சேம்பரின் விளிம்பிலும், ரிசீவரின் உட்சுவரிலும் அப்பிக்கொள்ளும். குழல் அவ்வளவாக அழுக்காவதில்லை. ஆனால் கடைக்காரர் விற்கும் பெட்டியில் பாருங்கள், பெரும்பாலானவை குழலுக்கான சாமான்.

அடுத்தது பக்கம். எஸ்.எல்.ஆரை நடுவில் மடக்கித் திறந்தால் சேம்பர் நேராகக் கண்ணுக்குத் தெரியும், எதை வேண்டுமானாலும் அங்கிருந்து உள்ளே விடலாம். ஏஆர்-15 ரைஃபிளிலும் அப்படித்தான். சாதாரண 10/22-இன் ரிசீவர் பின்னால் மூடியது. குழலைத் துடைக்கும் நீளமான கம்பியை, அதாவது ராடைப் பின்னாலிருந்து விட வழியில்லை, வாய் வழியாகத்தான் விட வேண்டும். அங்கேதான் கோளாறு. குண்டு வெளியேறும்போது கடைசியாகத் தொடுவது வாயின் உள்விளிம்பு. ராடு அதில் ஒரே பக்கமாக உரசி உரசி விளிம்பு தேய்ந்தால் குறி சிதறும், அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது. துண்டு துண்டாகத் திருகி இணைக்கும் அலுமினிய ராடு இன்னும் மோசம். அலுமினியம் மென்மை என்பதால் மணல்துகள் அதில் பதிந்துகொள்ளும், பிறகு அது ராடு இல்லை, அரம். மாப்பிள்ளையின் பெட்டியில் இருந்தது அதுதான்.

அதனால் ராடே வேண்டாம் என்பேன். உறையிட்ட கம்பிவடத்தில் செய்த புல்-த்ரூ கிடைக்கிறது, அல்லது பாம்பு மாதிரி தடித்த கயிறாக பிரஷ் கோத்தே வருகிறது. இரண்டையும் சேம்பரிலிருந்து வாய்க்கு இழுக்கலாம். என் 1984-ஆம் வருடத்துக் கயிறு புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். கயிற்றுவகை எனக்கு அவ்வளவு பிடிக்காது, அழுக்கெல்லாம் அதிலேயே தங்கும், துவைத்துக் காய வைக்க வேண்டும். வடத்தில் என்றால் ஒவ்வொரு முறையும் புதுத் துணி. எதை வாங்கினாலும் .22 அளவா என்று பாருங்கள். .30 அளவு பிரஷ் உங்கள் குழலில் நுழையாது.

இதோடு .22 வெண்கல பிரஷ் ஒன்று, கைப்பிடி வைத்த நைலான் பிரஷ் இரண்டு, பருத்தித் துணி, சி.எல்.பி. எண்ணெய் (சுத்தம் செய்து, வழுக்கிக் கொடுத்து, துருவையும் தடுப்பது) ஒரு புட்டி, சின்ன டார்ச். நைலான் பிரஷ்ஷுக்குப் பதில் பழைய டூத்பிரஷ் தாராளமாகப் போதும். துருப்பிடிக்காத எஃகு பிரஷ் பெட்டியில் இருந்தால் எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள், குழலுக்குள் போகவே கூடாது. காது குடையும் பஞ்சுக்குச்சி நார் விடும், அந்த நார் எக்ஸ்ட்ராக்டரில் மாட்டிக்கொள்ளும். மரக்குச்சி, பல்குத்தும் குச்சி இவை நல்லது: பிசுக்கை எடுக்கும், உலோகத்தைக் கீறாது.

செய்யும் முறை. முதலில் மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டி) கழற்றுங்கள். போல்ட்டை இழுத்துப் பிடித்துச் சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலால் தடவியும் பாருங்கள். எங்களுக்கு 'ஜாஞ்ச் சஸ்த்ர' (ஆயுதத்தைச் சோதனைக்குக் காட்டு) என்று இதற்கே தனி ஆணை. மேகசினைக் கழற்றினாலும் சேம்பரில் ஒன்று மிச்சமிருக்கும் என்பதை மறந்த ஆட்களுக்காக வந்த ஆணை. தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம்.

போல்ட்டைப் பின்னால் பூட்டி, வடத்தைச் சேம்பர் வழியாக விட்டு, எண்ணெய் தொட்ட துணியை மாட்டி இழுங்கள். நேர்க்கோட்டில் இழுக்க வேண்டும், வாயின் ஓரத்தில் வடம் உரசக்கூடாது. ஒரே மூச்சில் இழுக்க வேண்டும், நடுவில் நிறுத்தக்கூடாது. பிரஷ் போட்டாலும் அதே விதி: முழுவதும் வெளியே வந்த பிறகுதான் அடுத்த சுற்று. பாதியில் திருப்பி இழுத்தால் மயிர்கள் வளைந்து சிக்கும். பிரஷ் மூன்று நான்கு முறை, உலர்ந்த துணி ஏழெட்டு முறை. கடைசித் துணி முதல் துணியைவிட வெளுப்பாக இருந்தால் போதும், மல்லிகைப்பூ மாதிரி வர வேண்டியதில்லை. குழலை நான் ஐந்தாறு தடவை சுட்டு வந்த பிறகு ஒருமுறைதான் இப்படிச் செய்யச் சொல்வேன்.

போல்ட் பக்கம்தான் நேரம் எடுங்கள். ஸ்டாக்கை (தோளில் வைக்கும் கட்டைப் பகுதி) கழற்றி, இரண்டு ஊசிகளைத் தள்ளினால் ட்ரிகர் பகுதி முழுதாகக் கையோடு வரும். பிறகு போல்ட்டை எடுக்கலாம். டார்ச் அடித்து எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியைப் பாருங்கள், கறுப்பாக மெழுகு மாதிரி ஒன்று இருக்கும், மரக்குச்சியால் அதை நெம்பி எடுங்கள். மாப்பிள்ளை 'அமெரிக்கத் தோட்டா மட்டம், கூடு வெளியே வரமாட்டேன் என்கிறது' என்று இரண்டு மாதம் குறை சொல்லிக்கொண்டிருந்தார். கொக்கியிலிருந்து நான் எடுத்த அழுக்கு ஒரு கடுகளவு. அதற்குப் பிறகு தோட்டாவைக் குறை சொல்லவில்லை. சுழல் மேகசினை மட்டும் அவிழ்க்காதீர்கள். உள்ளே ஸ்பிரிங் சுற்றி வைத்திருக்கிறது, அவிழ்த்தால் திரும்ப முறுக்கேற்ற வேண்டும். வெளியிலிருந்து உலர்ந்த பிரஷ்ஷால் தட்டினால் போதும்.

எண்ணெய் விஷயம். தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். வெலிங்டன் குளிரில் பாட்டிலை அடுப்போரம் வைத்துத்தான் தலைக்குத் தேய்ப்போம். நாள்பட்டால் கெட்டும் போகும். தையல் மெஷின் எண்ணெய் அவசரத்துக்கு ஓடும், ஆனால் ஹூஸ்டன் ஈரக்காற்றில் துருவை அது அதிக நாள் தடுக்காது. சி.எல்.பி. போல்ட் உரசும் இடங்களில் ஒரு சொட்டு, விரலால் தடவினால் பளபளப்பு தெரியும், ஈரம் தெரியக்கூடாது. தோட்டாவை அடிக்கிற ஊசியான ஃபயரிங் பின் பக்கம் எண்ணெயே வேண்டாம். சுடப் போகும் முன் குழலில் ஓர் உலர்ந்த துணியை இழுத்துவிடுங்கள்.

எங்கள் உஸ்தாத் .303 என்ற பழைய ரைஃபிள் காலத்து ஆள். அந்த நாளில் சுட்டவுடன் குழலில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றுவார்களாம். தோட்டாவைப் பற்றவைக்கும் பழைய பிரைமரில் இருந்த ரசாயனம் உப்பாகத் தங்கும், உப்பு தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. இன்றைய .22-க்கு அந்த வேலை இல்லை. இதையும் யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள் என்பதால் குறிப்பிடுகிறேன்.

ஈயத்தை மட்டும் சாதாரணமாக நினைக்காதீர்கள். மாப்பிள்ளை சாப்பாட்டு மேசையில் நாளிதழை விரித்து உட்கார்ந்தார், பேரன் பக்கத்தில் பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தான். மகள் போட்ட சத்தத்தில் இப்போது எல்லாம் கராஜுக்குப் போய்விட்டது. அவள் சொன்னது சரிதான். ரப்பர் கையுறை, திறந்த கதவு, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவல், அழுக்குத் துணி நேராகக் குப்பைக்கு.

கடைசியாக அந்தத் துளை. ரிசீவரின் பின்னால் துளை போட்டால் ராடைச் சேம்பர் பக்கத்திலிருந்து நேராக விடலாம் என்பது உண்மை, போட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். போட்டிக்குச் சுடுகிறவர், நல்ல கன்ஸ்மித் (துப்பாக்கி வேலை செய்பவர்) கையில் கொடுக்கிறார் என்றால் சரி. வீட்டு டிரில்லை எடுத்து நீங்களே போடாதீர்கள். வடம் வாங்க ஆகிற காசில் அந்தத் துளைக்கே அவசியம் இல்லாமல் போகிறது.