அம்மாவுக்கு 48 வயது. ராத்திரியில் வியர்த்துக் கொட்டுகிறது, தூக்கம் இல்லை, எதற்கெடுத்தாலும் கோபம். மாதவிடாய் நிற்கும் காலம் இப்படித்தான் இருக்குமா?

பெரும்பாலும் அதுதான். எனக்கு 46 வயதில் ஆரம்பித்து 50இல் முழுதாக நின்றது. அம்மாவுக்கு இருப்பதெல்லாம் எனக்கும் இருந்தது. ஆனால் தைராய்டு கோளாறும் இதே மாதிரி படுத்தும். அதனால் முதலில் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் ரத்தத்தில் பார்த்துவிடுங்கள். 45 வயதைத் தாண்டியவர்களுக்கு மெனோபாஸா என்று கண்டுபிடிக்கத் தனியாக ஹார்மோன் டெஸ்ட் பொதுவாகத் தேவைப்படாது. வயதும் அறிகுறியும் போதும்.

எனக்கு முதல் முறை வந்தது ஒரு மார்கழி காலையில். தெருவில் பால் வாங்க வந்தவர்கள் ஸ்வெட்டரும் மப்ளருமாக நிற்கிறார்கள், நான் வாசலில் புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறேன். நெஞ்சுக்குள் அடுப்பைப் பற்றவைத்த மாதிரி ஒரு சூடு கிளம்பி, கழுத்து, காது மடல் என்று ஏறியது. மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டி, போட்ட கோலத்தில் குழி விழுந்தது. மூன்று நிமிடம் இருக்கும். அடங்கியதும் நனைந்த ஜாக்கெட்டோடு குளிரில் நடுங்கினேன். மாரடைப்பு என்றே நினைத்துவிட்டேன்.

பிறகுதான் டாக்டர் விளக்கினார். மூளையில் உடம்புச் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது லேசான சூட்டுக்கே பதறிப்போய், ரத்தக் குழாய்களை விரித்து வியர்க்க வைத்துவிடுகிறதாம். இதே வியர்வை ராத்திரி நாலு தடவை எழுப்பிவிட்டால் பகலில் யாருக்குத்தான் கோபம் வராது? அம்மாவின் கோபத்தைக் குணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதிக் கோபம் தூக்கமின்மை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் 'நின்றுவிட்டது' என்று கணக்கு. கஷ்டமெல்லாம் பெரும்பாலும் அதற்கு முந்தைய சில வருடங்களிலேயே தொடங்கிவிடும். நின்ற பிறகும் வியர்வை சில வருடம் தொடரலாம். நம் ஊரில் 46, 47 வயதுவாக்கிலேயே பலருக்கும் நின்றுவிடுகிறது. அதனால் 48இல் அம்மாவுக்கு வருவதில் பயப்பட ஒன்றுமில்லை.

நான் பயப்படச் சொல்வது ரத்தப்போக்கைப் பற்றித்தான். 48 வயதில் எனக்கு இரண்டு மாதம் வராமல் இருந்து, பிறகு 15 நாள் நிற்காமல் போனது. கட்டி கட்டியாகப் போனது. 'நிற்கப் போகும்போது அப்படித்தான் கொட்டும்' என்று நாத்தனார் சொன்னார், நானும் நம்பினேன். மாடிப்படி ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். ரத்தம் குறைந்து ஹீமோகுளோபின் 7.8க்கு இறங்கியிருந்தது. அழைத்துப்போன முதல் ஆஸ்பத்திரியில் பத்தே நிமிடத்தில், 'கர்ப்பப்பை இனி எதற்கு, எடுத்துவிடலாம்' என்று தேதியும் குறித்தார்கள். என் தங்கை விடவில்லை, வேறொரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் ஸ்கேன் எடுத்து, கர்ப்பப்பை உள்சவ்வில் துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஹார்மோன் சுரக்கும் சாதனம் ஒன்றைக் கர்ப்பப்பைக்குள் வைத்தார். காப்பர்-டி வைப்பது போலத்தான். சில மாதத்தில் போக்கு கட்டுக்குள் வந்தது. சிலருக்கு ஆபரேஷன் உண்மையிலேயே தேவைப்படும், அதை மறுக்கவில்லை. ஆனால் கூடவே இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால் மெனோபாஸ் ஒரே நாளில் வந்து இறங்கும். இரண்டாவது டாக்டரைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். ஒரு வருடம் நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டால்கூட உடனே காட்ட வேண்டும். இதை அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லிவையுங்கள்.

சரி, வியர்வைக்கு என்ன செய்வது? காபியை மாலையில் நிறுத்தினேன், ராத்திரி காரத்தைக் குறைத்தேன், நைலக்ஸ் நைட்டியை விட்டுப் பருத்திக்கு மாறினேன். கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். தாங்க முடியாத அளவுக்கு இருந்தால் ஹார்மோன் சிகிச்சைதான் நன்றாகக் கேட்கும். 'புற்றுநோய் வரும்' என்ற பயம் 2002இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வுக்குப் பிறகு பரவியது. அதில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களையும் சேர்த்து எடுத்தவர்களில் 10,000 பேருக்கு வருடத்துக்கு 8 பேர் அளவில் மார்பகப் புற்றுநோய் கூடியது. ஆனால் அதில் இருந்தவர்களின் சராசரி வயதே 63. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் ஆரம்பிக்கும் ஆரோக்கியமான பெண்களுக்குப் பொதுவாக நன்மையே அதிகம் என்பதுதான் இன்றைய மருத்துவர்களின் நிலை. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம் வந்தவர்களுக்கு இது பொதுவாக ஒத்துவராது. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் இருக்கின்றன. எதுவானாலும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற விஷயம் இல்லை.

பிள்ளைகளிடம் அம்மாக்கள் சொல்லாத ஒன்று உண்டு. பிறப்புறுப்பு வறண்டு எரியும், சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வரும், கணவன் மனைவி உறவு வலிக்கும். வியர்வையாவது நாளடைவில் அடங்கும், இது தானாகச் சரியாகாது. அந்த இடத்தில் மட்டும் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது, எனக்கு மிகவும் உதவியது. நீங்கள் மகள் என்றால் அம்மாவிடம் நேராகவே கேளுங்கள். மகன் என்றால் ஒரு பெண் டாக்டரிடம் அம்மாவைத் தனியாக அரைமணி நேரம் பேச விடுங்கள்.

எலும்பு இந்த வருடங்களில்தான் வேகமாகத் தேயும். கேழ்வரகு, எள்ளு, மோர், காலை வெயிலில் நடை எல்லாம் நல்லது. தேவைப்பட்டால் டாக்டர் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எழுதித் தருவார்.

டாக்டரிடம் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். மாதக் காலண்டரில் அம்மாவுக்கு எந்தத் தேதியில் வந்தது, எத்தனை நாள் போனது, எந்த ராத்திரி வியர்த்தது என்று இன்றிலிருந்து குறித்துவையுங்கள். என் இரண்டாவது டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான். என்னிடம் இல்லை.