கனவு எதற்கு? கேள்வி பதில்

கேள்வி: சார், கனவு ஏன் வருகிறது?

பதில்: இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் சொல்லி முடிக்க இன்னும் யாராலும் முடியவில்லை. ஆனால் பகலில் சேர்ந்ததை மூளை தூக்கத்தில் எடுத்துப் புரட்டிப் பார்க்கிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. ஹார்வர்டில் ராபர்ட் ஸ்டிக்கோல்டு குழு 2000-இல் வெளியிட்ட ஆய்வை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். மேலிருந்து கட்டைகள் விழும் டெட்ரிஸ் விளையாட்டை 3 நாள் ஆடவைத்தார்கள். ஆடியவர்களில் 5 பேருக்கு மூளைப் பாதிப்பால் புது நினைவு தங்காது, ஆடியதே மறந்துபோகும். கண் அசரும் நேரத்தில் கேட்டபோது, அவர்களிலும் 3 பேர் கட்டைகள் விழுவதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அவை எங்கிருந்து வந்தன என்று மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை.

கேள்வி: விடிந்ததும் மறந்துவிடுகிறதே?

பதில்: கண்விழி உள்ளுக்குள் வேகமாக உருளும் தூக்கத்தில்தான் கனவு அதிகம். 1953-இல் சிகாகோவில் கண்டறிந்தது இது. நினைவைப் பதியவைக்க உதவும் நாரட்ரினலின் என்ற வேதிப்பொருள் அப்போது மூளையில் மிகவும் குறைந்துவிடும். விழித்ததும் புரளாமல், போனைத் தொடாமல் அப்படியே கிடந்து பாருங்கள், கொஞ்சம் சிக்கும்.

கேள்வி: அண்ணா, விழிப்பு வந்தும் கை கால் அசையவில்லை. அமுக்குவான் பேய் என்கிறார் பாட்டி.

பதில்: பயப்படாதீர்கள் தம்பி. ஹாஸ்டலில் எனக்கும் வந்திருக்கிறது. மேலே ஃபேன் சுற்றுவது தெரிகிறது, பக்கத்துக் கட்டில் நண்பனைக் கூப்பிட வாய் வரவில்லை. கனவில் ஓடினால் நிஜமாகவே எழுந்து ஓடிவிடாமலிருக்க, கண்விழி உருளும் அந்தத் தூக்கத்தில் மூளை தசைகளைக் கட்டிப்போடுகிறது. சில சமயம் நாம் முதலில் விழித்துக்கொள்கிறோம், கட்டு அப்புறம்தான் அவிழ்கிறது. சரியாகத் தூங்காத நாட்களிலும் மல்லாந்து படுக்கும்போதும் அதிகம் வரும்.

கேள்வி: பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களுக்கு?

பதில்: வரும். சத்தம், தொடுகை, வாசனையாக.

கேள்வி: என் 8 வயதுப் பையனைக் கனவில் அடிக்கடி நாய் துரத்துகிறது. என்ன செய்வது?

பதில்: ஆபத்துக்கு ஒத்திகை பார்க்கத்தான் கனவு என்கிறார் பின்லாந்து ஆய்வாளர் ஆன்ட்டி ரெவோன்சுவோ. துரத்தும் கனவுகளுக்கு அது பொருந்துகிறது என்றே நினைக்கிறேன். பகலில், மடியில் உட்காரவைத்து, கனவைச் சொல்லச் சொல்லுங்கள் அம்மா. முடிவை அவனே மாற்றட்டும்: நாய்க்கு பிஸ்கட் போடலாம், அது வாலாட்டலாம். அந்தப் புதுக் கதையை தினமும் ஒரு தடவை மனதில் ஓட்டிப் பார்க்கட்டும். பெரியவர்களின் கெட்ட கனவுகளுக்கும் மருத்துவர்கள் இதையே சிகிச்சையாகத் தருகிறார்கள். சில வாரங்களில் குறையாவிட்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.