ஓட்டில் இருக்கும் ஆண்டு யாருடையது?

கேள்வி: தம்பலகாமத்தில் எங்கள் பூட்டனார் காலத்து வயல்வீடு இருக்கிறது. நடுவில் முற்றம், சுற்றிவர விறாந்தை, பின்னால் நெல் அறையும் மாட்டுக் கொட்டிலும். ஓடு பார்க்க ஏறியபோது ஓர் ஓட்டின் அடியில் 1865 என்று அச்சு இருந்தது. வீடு அந்த ஆண்டில் கட்டியதுதானே? கொட்டில் பக்கத்துச் சுவர் ஈரமாக இருப்பதால் சீமெந்து பூசச் சொல்கிறார் மேசன். பூசலாமா?
- ஒரு வாசகி, தம்பலகாமம்

பதில்: மகள், அந்த ஆண்டு உங்கள் வீட்டினுடையது அல்ல, ஓட்டு ஆலையினுடையது. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்து மிஷன்காரர் மங்களூரில் ஓட்டாலை தொடங்கியது 1865இல். பின்னர் சுட்ட ஓடுகளிலும் அதே ஆண்டைப் பதித்தார்கள். சாராயப் போத்தலில் ஆலை தொடங்கிய ஆண்டைப் பார்த்துச் சரக்கின் வயதைச் சொல்ல முடியுமா?

கூரை வீட்டைவிட இளையதாகவும் இருக்கலாம். கைமரங்களைப் பாருங்கள். பழைய அரைக்குழல் வடிவப் பீலி ஓடு பாரமானது, அதற்குக் கைமரங்களை நெருக்கி வைப்பார்கள். ஒன்றோடொன்று கொளுவும் கள்ளிக்கோட்டை ஓட்டுக்கு அத்தனை வேண்டியதில்லை. ஆகவே கைமரங்கள் நெருக்கமாக இருந்தால் முதலில் இருந்தது பீலி ஓடாக இருக்கலாம். (மங்களூரிலிருந்து வந்தாலும் நம் ஊரில் அது கள்ளிக்கோட்டை ஓடுதான்!) மரத்தில் வெறும் ஆணித்துளைகள் வரிசையாகத் தெரிந்தால் கூரை ஒருமுறை மாறியிருக்கக் கூடும். பழைய ஆணி ஒன்றைக் கழற்றி விரல்களிடையே உருட்டுங்கள். உருளாமல் சதுரமாகத் தட்டுப்பட்டால் பெரும்பாலும் கொல்லன் அடித்த பழைய ஆணி. உருண்டால் பின்னாளில் வந்த ஆலைக் கம்பி ஆணி.

நானும் இளவயதில் மூதூரில் ஒரு வளவு வீட்டை அளக்கப் போய், படத்தின் மூலையில் பெருமையாக 1865 என்று எழுதியவன்தான். அங்கிருந்த முதிய ஆசாரியார் சிரித்தார். என் கையைப் பிடித்து, முதிரை வளையில் வாய்ச்சி கொத்திய பள்ளங்களைத் தடவ வைத்தார். பக்கத்துக் கைமரத்தில் நேர்நேராக வாள் கீறல். "இது தகப்பன், அது மகன்" என்றார். கையால் கொத்திய வளை மூத்தது, வாளால் அறுத்த கைமரம் பின்னால் வந்தது என்று அர்த்தம். படத்தை அழித்து எழுதினேன்.

சீமெந்து வேண்டவே வேண்டாம். இந்தக் கரையோரத்துப் பழைய சுவர்களில் முருகைக்கல் சுட்ட சுண்ணாம்புதான் அதிகம். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் அந்தக் காரை வழியே உலர்ந்துவிடும். சீமெந்து வழியை அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறும், உள்ளே உப்புப் பூத்துப் பூச்சைத் தகடு தகடாகத் தள்ளும். பிறகு அலவாங்கால் உடைக்கும்போது செங்கல்லும் கூடவே பெயர்ந்து வரும். மேசனிடம் கோபிக்க வேண்டாம், சீமெந்துதான் அவருக்குப் பழக்கம். கொட்டிலின் மூத்திரமும் சாணித் தண்ணீரும் சுவரடியில் தேங்குகிறதா என்று முதலில் பாருங்கள். சுவரில் உப்பு ஏறுவது அதனாலும்தான். ஐப்பசி மழைக்கு முன் வாய்க்காலை அப்பால் திருப்புங்கள். முருகைக்கல் அகழ இப்போது தடை, ஆகவே கடைச் சுண்ணாம்பை ஊறப்போட்டு மணலோடு குழைத்துப் பூசினால் போதும்.

ஓடுகளில் உடைந்தவற்றை மட்டும் மாற்றுங்கள். ஆணி சதுரமா உருண்டையா என்று எனக்கு மறக்காமல் எழுதுங்கள்.