சிறுநீரோடு கிருமி ஏன் வெளியே போய்விடுவதில்லை?

சேலம் அம்மாபேட்டையில் தறிக்கூட வேலைக்குப் போகும் உங்கள் அக்காவுக்கு அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருகிறது, கிருமி சிறுநீரோடு வெளியேறிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒட்டாத கிருமி வெளியேறிவிடும். ஆனால் பெரும்பாலும் இத்தொற்றைத் தரும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் உடலில் நுண்ணிய இழைகள் உண்டு. இழையின் நுனியில் இருப்பது ஃபிம்எச் என்ற புரதம். சிறுநீர்ப்பையின் உட்சுவர்ச் செல்களின் மேற்பரப்புப் புரதங்களிலோ மேனோஸ் என்ற சர்க்கரை கோத்திருக்கிறது. அதை இது கவ்விக்கொள்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஓட்டம் இழுக்க இழுக்க, சுருக்குக் கயிறுபோல இந்தப் பிடி இறுகும்!

நான் பாடம் நடத்தும் ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே காட்டிவிடலாம். ரொட்டிக்குப் போடும் ஈஸ்டின் மேலுறையிலும் மேனோஸ் உண்டு. கண்ணாடித் தகட்டில் ஈஸ்ட் கரைசலோடு இழையுள்ள ஈ.கோலையைக் கலந்து ஆட்டினால், கலங்கல் தெளிந்து வெள்ளைத் துகள்கள் திரளும். முன்பே மேனோஸ் கரைசலை விட்டிருந்தால் திரளாது. புரதத்தின் வாய் அடைபட்டுவிடுகிறது.

அப்படியானால் மேனோஸ் பொடி வாங்கிச் சாப்பிடலாமா? வேண்டாம் என்பேன். 2024இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், தினமும் அதை எடுத்த பெண்களுக்குத் தொற்று திரும்புவது குறையவில்லை.



கூடத்தில் கழிப்பறை வசதி இல்லாமல் அக்கா தண்ணீரைக் குறைக்கிறாரா என்று விசாரியுங்கள். காய்ச்சலும் விலாப்புற முதுகுவலியும் சேர்ந்தால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.