எச்சில் சோதனை சொன்னால் சோற்றை விட வேண்டுமா?

கேள்வி: எனக்கு 41 வயது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்ததில் சர்க்கரை 168. அதே பானைச் சோறு சாப்பிடும் வீட்டுக்காரருக்கு 118தான். ஒரு ஆரோக்கிய முகாமில் எச்சிலை எடுத்து மரபணுச் சோதனை செய்து, "உங்களுக்கு அமைலேஸ் 4 நகல்தான், மாவுச்சத்து செரிக்காது, சோறு தொடாதீர்கள்" என்றார்கள். மூன்று மாதத்துக்கு என்சைம் மாத்திரையும் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: வாங்காதீர்கள், அம்மா. முன்பணம் கொடுத்திருந்தால் ரசீதைக் காட்டித் திருப்பிக் கேளுங்கள்.

அவர்கள் சொன்னதில் கால்வாசி உண்மை. எச்சில் கை பட்ட தயிர் சாதம் சீக்கிரம் நீர்த்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அது எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற என்சைம் செய்கிற வேலை. பள்ளியில் டயலின் என்று படித்தோமே, அதுதான். சோற்றின் மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைக்கும். அதற்கான மரபணு சிலருக்கு 2 நகல், சிலருக்கு 15 வரைகூட இருக்கும். பரம்பரையாக மாவுச்சத்து அதிகம் உண்ட மக்களிடம் சராசரி நகல் கூடுதல் என்று 2007இல் வந்த ஆய்வு காட்டியது. ஜப்பானியருக்குக் கூடுதல், சைபீரியாவின் யாகூத் மக்களுக்குக் குறைவு. ஆக, 4 என்பது நோயல்ல. உயரம், நிறம் மாதிரி ஒரு வேறுபாடு.

நகலை எண்ணினால் எச்சிலின் வேகம் தெரிந்துவிடாது. நான் மாணவர்களுக்கு ஆய்வகத்தில் இதைச் செய்து காட்டுவதுண்டு. கஞ்சித் தண்ணீரில் அயோடின் சொட்டினால் கருநீலம். அதில் எச்சில் கலந்தால் நிறம் மெல்ல வெளுக்கும். ஒரு பையனுக்கு இரண்டே நிமிடம், பக்கத்தில் நிற்பவனுக்குப் பத்து நிமிடம். அதே பையன்களைத் தேர்வு நாளில் செய்யச் சொன்னால் வரிசையே மாறிவிடும். பதற்றம் வந்தால் அமைலேஸ் ஏறும். காலையில் எழுந்த சற்று நேரத்தில் இறங்கி, பொழுது ஏற ஏறக் கூடும்.

சரி, உங்களுக்குக் குறைவென்றே வைத்துக்கொள்வோம். சோறு வாயில் இருப்பது அரை நிமிடம். இரைப்பை அமிலம் ஊறியதும் எச்சில் அமைலேஸ் அடங்கிவிடும். பெரும்பாலான வேலையைச் செய்வது கணையம்; அதன் அமைலேஸுக்கு மரபணுவே வேறு. அந்த முகாம்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: மாவுச்சத்து செரிக்காது என்றால் 168 எங்கிருந்து வந்தது? செரித்ததால்தானே ரத்தத்துக்கு வந்தது!

இன்னும் வேடிக்கை கேளுங்கள். சர்க்கரைக்காரர்களுக்குக் கொடுக்கும் அகார்போஸ் என்ற மருந்து, மாவுச்சத்தை உடைக்கும் என்சைம்களைத் தடுத்து வேலை செய்கிறது. இவர்களோ அதே என்சைமை மாத்திரையாக்கி விற்கிறார்கள். நகல் கூடுதலாக வந்திருந்தால், "சோறு சட்டென்று சர்க்கரையாகிவிடும்" என்று வேறொரு டப்பாவை நீட்டியிருப்பார்கள். 2014இல் ஒரு ஆய்வு நகல் குறைந்தால் உடல் பருமன் வரும் என்றது. மறு ஆண்டே இன்னொரு ஆய்வு அப்படித் தொடர்பே காணோம் என்றது. விற்பவர் கையேட்டில் முதலாவது மட்டும்தான் இருக்கும். டப்பாவில் உணவுத் துறை உரிம எண் இருக்கிறதே என்பீர்கள். ஊறுகாய் பாட்டிலிலும்தான் இருக்கிறது. அது நோய் தீர்க்கும் என்பதற்கு அத்தாட்சி இல்லை. மருந்து என்று சொல்லாமல் மருந்துபோல விற்கிற இந்தச் சந்து எத்தனை வருடமாகத் திறந்தே கிடக்கிறது, அடைக்கத்தான் ஆளில்லை.

எச்சிலைப் பற்றி நிஜமாகவே கவலைப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு: வாய் வறட்சி. தண்ணீர் இல்லாமல் ஒரு ரஸ்க் விழுங்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை, இரவில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது என்றால் விட்டுவிடாதீர்கள். சர்க்கரை ஏறினாலே வாய் உலரும். அலர்ஜி மாத்திரை, சில மனச்சோர்வு மாத்திரைகளாலும் உலரும். கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கும், கண்ணும் வாயும் சேர்ந்து வறளும் ஷோக்ரன் நோய்க்காரர்களுக்கும் எச்சிலே சுரக்காமல் போகலாம். அங்கே இழப்பு அமைலேஸ் அல்ல. கிருமியைத் தடுக்கும் லைசோசைமும் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டும்தான். பல் ஈறோரமாக மளமளவென்று சொத்தையாகும். இதற்கு எந்த மரபணுச் சோதனையும் தேவையில்லை. பல் மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தால் போதும்.

வீட்டுக்காரரோடு ஒப்பிடுவதை விடுங்கள். இன்சுலின், தசை, தூக்கம், எடை என்று ஆளுக்கு ஆள் எல்லாம் வேறு. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பாருங்கள், 5.7 முதல் 6.4 சதவீதம் வரை எல்லைக்கோடு, 6.5 அல்லது அதற்கு மேல் சர்க்கரை நோய். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைப் பரிசோதனைக்குக் காசில்லை; வரிசையில் நிற்கத்தான் பொறுமை வேண்டும். சோற்றைப் பாதியாக்கி, அதற்கு முன்னால் பொரியலும் சுண்டலும் சாப்பிடுங்கள். பிறகு கால் மணி நேரம் நடை.

மருத்துவர் உங்களுக்கு ஒதுக்குவது மூன்று நிமிடம்தான். அதில் முகாமில் கொடுத்த பளபள ரிப்போர்ட்டை விரித்து வைக்காதீர்கள். தினம் போடும் மாத்திரை அட்டைகளை மட்டும் பையில் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.