தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? அதற்கு முன் என்ன பெயர்? பெயர்களை மாற்றத்தான் வேண்டுமா?

டர்பன்காரன் என்பதால் சொல்கிறேன். பெயர் வெள்ளைக்காரர்கள் வைத்தது. 1835-இல் இங்கே குடியேறியிருந்த கொஞ்சம் பேர், அப்போது கேப் காலனியின் ஆளுநராக இருந்த சர் பெஞ்சமின் டர்பனின் பெயரை ஊருக்குச் சூட்டினார்கள். அதற்கு முன் போர்ட் நேட்டால். நேட்டால் என்றால் போர்த்துகீசிய மொழியில் கிறிஸ்துமஸ். 1497-இல் அந்தச் சமயத்தில் வாஸ்கோ ட காமா இந்தக் கரையோரமாகப் போனார், அவ்வளவுதான், ஒரு மாகாணத்துக்கே அது பெயராகிவிட்டது.

இந்த மண்ணின் ஜூலு மக்களுக்கு இந்த ஊர் எதேக்வினி. இதேகு என்றால் வளைகுடா, அதோடு முன்னும் பின்னும் சேர்வது நம் 'இல்' உருபு மாதிரி. எங்கள் துறைமுகத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். 2000 முதல் மாநகராட்சிக்கு அந்தப் பெயர்தான், ஊர் மட்டும் இன்னும் டர்பன்.

ஆனால் பழைய பெயர்கள் வேண்டுமென்றால் ஆறுகளைப் பாருங்கள். ஊருக்கும் தெருவுக்கும் ஆளுநர், பிரபு, மேயர் என்று பெயர் வைத்தவர்கள் இங்கே ஆறுகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். உம்கேனி, உம்பிலோ, இசிப்பிங்கோ, டோங்காட் எல்லாம் ஜூலுப் பெயர்கள், ஆங்கிலேயர் காதில் விழுந்த மாதிரி எழுதப்பட்டவை. 1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து நம்மவர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தபோது அவர்கள் வாயில் நுழைந்தவையும் இவைதான். உம்பிலோ ஆற்றங்கரையில் இருந்த அம்பலவாணர் ஆலயத்தை 1905 வெள்ளம் கொண்டுபோய்விட்டது. இப்போது அது கேட்டோ மேனரில், வேறொரு ஓடையின் கரையில் இருக்கிறது. நம் பெரியவர்களுக்கு அது செகண்ட் ரிவர் கோயில். கேட்டோ என்பவர் டர்பனின் முதல் மேயர், நிலம் அவருடையது. ஓடையின் பெயர் உம்கும்பானே, ஜூலு மக்கள் அந்தப் பகுதி முழுவதையும் இன்றுவரை அப்படித்தான் சொல்கிறார்கள்.

மாற்ற வேண்டுமா என்றால், வேண்டும். வடக்கே ஸ்டேஞ்சர் என்று ஓர் ஊர், நம் ஆட்கள் நிறைய இருக்கிற ஊர். அது ஜூலு மன்னர் ஷாகாவின் தலைநகரம் டுகுஸா. 1828-இல் அவர் கொல்லப்பட்டதும் அங்கேதான், சமாதியும் ஊர் நடுவிலேயே இருக்கிறது. 1873-இல் அந்த மண்ணில் ஊர் அமைத்து, நேட்டாலில் நிலம் அளந்த அதிகாரி வில்லியம் ஸ்டேஞ்சரின் பெயரை வைத்தார்கள். அரசர் புதைந்த ஊருக்கு நிலம் அளந்தவர் பெயர்! 2006-இல் அது குவாடுகுஸா ஆனபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

செலவு, குழப்பம் என்கிறார்கள். சரி, இருக்கும்தான். நம் கடைத்தெருவான கிரே தெருவை 2008-இல் டாக்டர் யூசுப் தாதூ தெரு என்று மாற்றினார்கள், பேச்சில் இன்னும் கிரே தெருதான் ஓடுகிறது, அதில் தப்பில்லை. பலகையில் மட்டும் தாதூ இருக்கட்டும். 1946-இல் இந்தியர்களின் நில உரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்துச் சிறைக்குப் போனவர் அவர், தெருவுக்குப் பழைய பெயரைத் தந்த ஜார்ஜ் கிரே இல்லை.