அமெரிக்க நண்பர் “கெட் அவுட் ஆஃப் ஹியர்!” என்றால் வெளியே போகச் சொல்கிறாரா?

பதவி உயர்வு கிடைத்ததைச் சொன்னதும் அமெரிக்க நண்பர் “கெட் அவுட் ஆஃப் ஹியர்!” என்றாரே, கோபமா என்று கேட்டிருக்கிறீர்கள். கோபமே இல்லை. “அடேயப்பா, நிஜமாவா!” என்று வியந்திருக்கிறார். நம்பமுடியாத சேதி கேட்டால் நாம் “போடா, பொய் சொல்லாதே” என்கிறோமே, அதே மனநிலைதான்.

வேறுபாடு முழுக்கக் குரலில் இருக்கிறது. வியப்பில் ‘அவுட்’ என்பதை இழுத்து அழுத்துவார்கள், புருவம் உயரும், முகம் மலரும். விரட்டும்போது குரல் இறுகிவிடும். பல சமயம் சுருக்கமாக “கெட் அவுட்!” மட்டும் வரும். 1989 முதல் 1998 வரை ஓடிய சைன்ஃபெல்ட் என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரில் எலேன் என்ற பெண் இப்படிக் கத்திக்கொண்டே எதிரில் நிற்பவரைக் கையால் தள்ளிவிடுவார். அந்தக் காட்சி ஒன்றைப் பாருங்கள், உடனே விளங்கிவிடும்.

ஏமாற்றப் பார்ப்பவரிடம் “கதை விடாதே” என்ற பொருளிலும் சொல்வதுண்டு.

பதிலுக்கு “நோ, சீரியஸ்லி” என்றால் போதும். நீங்களே சொல்வதானால் நெருங்கியவர்களிடம் மட்டும் சொல்லுங்கள். மேலாளரிடமோ நேர்முகத் தேர்விலோ வேண்டவே வேண்டாம், அங்கே “ரியலி?” போதும். மின்னஞ்சலிலும் தவிர்த்துவிடுங்கள். குரல் கேட்காத இடத்தில் இது விரட்டுவதாகவே படும்.